நாயைக் காணோம், பூனை பழகவில்லை: மைன்கிராஃப்ட் செல்லப் பிராணிகளுக்கான பிழை நீக்கும் வழிமுறை

மைன்கிராஃப்டில் வளர்த்த நாய் கண்ணில் படவில்லை என்றால் பிள்ளைகள் உடனே முடிவு கட்டிவிடுகிறார்கள்: செத்துப்போச்சு. அப்புறம் அழுகை, இல்லையென்றால் புது நாய் தேடிக் காட்டுக்குக் கிளம்புவது. பெங்களூரில் எங்கள் குடும்பத்துப் பிள்ளைகளில் ஒரு வீடு அல்சூரில், ஒரு வீடு கே.ஆர்.புரத்தில், இன்னொரு வீடு எலக்ட்ரானிக் சிட்டியில். இந்த ஊர் டிராஃபிக்கில் வார நாளில் ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குப் போய்வருவது நடக்காத காரியம். அதனால் சாயங்காலம் அவர்கள் சந்திப்பது இந்த விளையாட்டுக்குள்தான். நாய் காணாமல் போனால் "அத்தை, கொஞ்சம் வாங்களேன்" என்று எனக்குத்தான் போன் வரும். அப்படி வந்த சிக்கல்களை அறிகுறி வாரியாக இங்கே எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பழக்கிய பிராணி இந்த விளையாட்டில் தானாக மறைவதே இல்லை. விட்ட இடத்தில் இருக்கிறது, அல்லது ஏதோ ஒன்று அதைக் கொன்றிருக்கிறது. இரண்டில் முதலாவதுதான் அதிகம். அதனால் எந்தச் சிக்கல் வந்தாலும் மூன்று கேள்விகளோடு தொடங்குங்கள். கடைசியாகப் பார்த்தபோது அது உட்கார்ந்திருந்ததா, நின்றதா? எந்த இடத்தில் பார்த்தீர்கள்? அதைப் பழக்கியது யார், எந்தக் கணக்கில்? பாதிக்கு மேற்பட்ட சிக்கல் இந்த மூன்றிலேயே அவிழ்ந்துவிடும்.

இன்னொன்று, மைன்கிராஃப்டின் இரண்டு வகைகளான ஜாவா, பெட்ராக் ஆகியவற்றில் நீங்கள் விளையாடுவது எது என்று தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். போனிலும் டேப்லெட்டிலும் ஓடுவது பெட்ராக். கம்ப்யூட்டரில் இரண்டும் உண்டு. சில எண்கள் இரண்டிலும் மாறும்; மாறும் இடத்தில் சொல்கிறேன்.

நாய் பின்னாலேயே வந்தது, திடீரென்று காணோம்

முதலில் செய்திகள் வரும் சாட் பகுதியைப் பாருங்கள். ஜாவாவில் உங்கள் நாய் செத்தால், எதனால் செத்தது என்று உங்களுக்கு ஒரு செய்தி வரும். அது நீங்கள் விளையாட்டுக்குள் இருக்கும்போது மட்டும்தான் வரும். நீங்கள் உள்ளே இருந்தும் அப்படி எதுவும் வரவில்லை என்றால் நாய் உயிரோடுதான் இருக்கிறது, தேட ஆரம்பிக்கலாம்.

நிற்கும் நாய், நீங்கள் ஏறக்குறைய 12 பிளாக் தூரம் போனதும் உங்கள் பக்கத்துக்குத் தாவி வந்துவிடும். நடப்பது முடியாத இடத்தில்கூட இந்தத் தாவல் நடக்கும். ஆனால் அதற்கு நிபந்தனை உண்டு. உங்களுக்குப் பக்கத்தில் அது நிற்கத் தரை வேண்டும். நாய் உட்கார்ந்திருக்கக் கூடாது. லீட் என்ற கயிற்றில் கட்டியிருக்கக் கூடாது. படகிலோ மைன்கார்ட் வண்டியிலோ ஏற்றியிருக்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, நாய் நிற்கும் சங்க் லோடாகி இருக்க வேண்டும். உலகம் 16க்கு 16 பிளாக் கொண்ட சங்க்குகளாகப் பிரிந்திருக்கிறது. உங்களைச் சுற்றியுள்ள சில சங்க்குகளில்தான் பிராணிகள் அசையும். பெட்ராக்கில் சிமுலேஷன் டிஸ்டன்ஸ் என்ற செட்டிங்கை 4 சங்க் என்று வைத்திருந்தால் சுமார் 64 பிளாக் வரைதான் உயிரோட்டம். அதற்கு அப்பால் இருக்கும் நாய் அப்படியே உறைந்து நிற்கும். நீங்கள் அரைமணி கழித்துப் போனாலும் ஒரு மாதம் கழித்துப் போனாலும் அதே இடம்தான்.

இதை மனதில் வைத்தால் நாய் தொலையும் இடங்கள் தாமாகவே தெரியும். கடலைப் படகில் கடந்தீர்களா? சுற்றிலும் தண்ணீர், நாய் தாவி வர தரை இல்லை, கரையிலேயே நின்றுவிட்டது. எலிட்ரா என்ற இறக்கையைப் போட்டுப் பறந்தீர்களா? காற்றில் தரை ஏது, அதற்குள் அதன் சங்க்கும் அணைந்துவிட்டது. நெதர் என்ற வேறு உலகத்துக்குப் போகும் போர்ட்டலுக்குள் நுழைந்தீர்களா? நாய் கூடவே தாவாது. போர்ட்டலுக்கு இந்தப் பக்கமே இருக்கும். நீங்கள் செத்து வீட்டுப் படுக்கையில் எழுந்தீர்களா? நாய் பெரும்பாலும் நீங்கள் செத்த இடத்தருகே காத்திருக்கும்.

தீர்வு எளிது, பொறுமை மட்டும் வேண்டும். அன்றைக்குப் போன பாதையைத் திருப்பி நடங்கள். பறக்கவோ படகில் விரையவோ வேண்டாம், தரையில் நடங்கள். நிற்கும் நாய் இருக்கும் சங்க் லோடானதும் அதுவாகவே உங்களிடம் வந்துவிடும். தேட வேண்டியதே இல்லை. கே.ஆர்.புரத்துப் பையன் கடற்கரைக்குத் திரும்பிப் போய் நின்றதும் நாய் முன்னால் வந்து குதித்தபோது அவன் போட்ட கத்தலில், வேறொரு வீட்டில் இருந்த அவன் தங்கை ஹெட்போனைக் கழற்றி வைத்தாள். உட்கார்ந்திருந்த நாய் என்றால் மட்டும் கண்ணால் பார்க்கும்வரை தேட வேண்டும். இதற்காகவே கோஆர்டினேட்டை, அதாவது இடத்தைக் காட்டும் மூன்று எண்களை, எழுதி வைக்கும் பழக்கம் நல்லது. பெட்ராக்கில் உலகின் செட்டிங்கில் அதைக் காட்டச் சொல்லலாம், ஜாவாவில் எஃப்3 அழுத்தினால் தெரியும். நாயை உட்கார வைக்கும் ஒவ்வொரு முறையும் அந்த மூன்று எண்களை ஒரு நோட்டில் எழுதுங்கள். எங்கள் பிள்ளைகளுக்கு நான் கண்டிப்பாகச் சொல்லியிருப்பது இந்த ஒன்றைத்தான்.

நொடியில் இடம் மாற்றும் டெலிபோர்ட் கமாண்ட் போட்டு நாயை இழுத்துவிடலாமே என்று கேட்பீர்கள். இழுக்கலாம், ஆனால் லோடான சங்க்கில் இருக்கும் நாய்க்குத்தான் அது எட்டும். தொலைந்த நாய் பெரும்பாலும் லோடாகாத சங்க்கில் இருப்பதால் முதலில் அங்கே போகத்தான் வேண்டும். அதோடு, பெட்ராக்கில் இப்படிப்பட்ட கமாண்டுகளுக்கான சீட்ஸ் (ஏமாற்று) செட்டிங்கை ஒருமுறை ஆன் செய்தால் அந்த உலகில் அச்சீவ்மென்ட் கிடைக்காது. பிள்ளைகளிடம் கேட்காமல் பெரியவர்கள் அதை ஆன் செய்துவிடாதீர்கள்.

உட்கார வைத்துவிட்டுத்தான் போனேன், வந்து பார்த்தால் இல்லை

உட்கார்ந்த நாய் தானாக எழுந்து உலாவாது. ஆனால் அடி பட்டால் எழுந்துவிடும். தண்ணீரில் விழுந்தாலும் எழுந்துவிடும். வாசலில் உட்கார வைத்த நாயை ராத்திரி ஸ்கெலிட்டன் என்ற எலும்புக்கூட்டு எதிரியின் அம்பு தொட்டால் போதும். எழுந்து துரத்திக்கொண்டு போய்விடும். எனவே நாய்க்குச் சுவரும் கூரையும் வெளிச்சமும் உள்ள ஓர் அறை வேண்டும். டார்ச் நிறைய வையுங்கள். கதவுக்குப் பக்கத்தில் உட்கார வைக்காதீர்கள்.

பல பேர் சேர்ந்து விளையாடும் உலகில் இன்னொரு காரணம் இருக்கிறது. நீங்கள் நாயை நிற்கவிட்டபடியே வெளியேறிவிட்டீர்கள், மற்றவர்கள் தொடர்ந்து விளையாடுகிறார்கள். பின்தொடர ஆள் இல்லாத நாய் சும்மா அலையும். நண்பர்கள் பக்கத்தில் இருந்தால் அந்தச் சங்க்கும் விழித்திருக்கும். அந்த நேரத்தில் அது செத்தால் உங்களுக்குச் செய்தியும் வராது. சாப்பிடக் கூப்பிட்டால் ஓடிவிடும் வயதுப் பிள்ளைகளுக்கு இது அடிக்கடி நடக்கும். வெளியேறும் முன் நாயை உள்ளே உட்கார வைக்கும் ஒரு நிமிடத்தை அவர்களுக்குக் கொடுங்கள் என்று பெற்றோரிடம் நான் வெளிப்படையாகவே கேட்டுக்கொள்கிறேன்.

மூன்றாவது காரணம் கரண்ட். மே மாதத்துச் சாயங்கால மழையில் விளக்கு அணைந்து லேப்டாப்பும் அணைந்தால், கடைசியாக சேவ் ஆன நிலைக்கு உலகம் திரும்பிவிடும். அதற்குப் பிறகு பழக்கிய நாய் மறுபடி காட்டு நாயாக நிற்கும். இதற்கு மருந்து பேக்கப் மட்டும்தான். ஜாவாவில் சேவ்ஸ் ஃபோல்டரில் உள்ள உலகத்தின் ஃபோல்டரை அப்படியே காப்பி எடுங்கள். பெட்ராக்கில் உலகின் செட்டிங்கில் எக்ஸ்போர்ட் அல்லது காப்பி. சிக்கலான பயணத்துக்குக் கிளம்பும் முன் ஒன்று எடுத்து வைத்தால் நிம்மதி.

எலும்பு தீரும்வரை கொடுத்தேன், பழகவில்லை

ஒவ்வோர் எலும்புக்கும் பழகும் வாய்ப்பு மூன்றில் ஒன்று. முன்னால் கொடுத்த எலும்பு கணக்கில் சேராது. ஒவ்வொரு தடவையும் புதிதாகச் சீட்டுக் குலுக்கல்தான். ஐந்து எலும்பு கொடுத்தும் பழகாமல் போக நூற்றுக்குப் பதின்மூன்று வாய்ப்பு இருக்கிறது, அதனால் ஐந்து தோற்றால் பிழை ஒன்றும் இல்லை. பத்து எலும்போடு போனால் கை தோற்பது அபூர்வம். ஸ்கெலிட்டன் ஒன்று செத்தால் 0 முதல் 2 எலும்பு விழும். இரண்டு மூன்று ராத்திரி வேட்டையில் சேர்ந்துவிடும். பழகினால் இதயங்கள் பறக்கும், கழுத்தில் சிவப்புப் பட்டை வரும், நாய் தானே உட்காரும். சாம்பல் புகை மட்டும் வந்தால் இன்னொன்று கொடுங்கள்.

எலும்பைக் கையிலேயே வாங்க மறுத்தால் அது கோபத்தில் இருக்கிறது. கண் சிவந்து, உறுமிக்கொண்டு, உங்களை நோக்கிப் பாயும். நீங்களோ நண்பரோ கைதவறி ஒரு அடி அடித்திருப்பீர்கள். ஒன்றை அடித்தால் சுற்றியுள்ள காட்டு நாய் எல்லாம் சேர்ந்து வரும். கோபத்தில் உள்ள நாயைப் பழக்க முடியாது. விலகி ஓடுங்கள், வேறு கூட்டத்தைத் தேடுவது நல்லது. இது அடிக்கடி நடப்பது போனில்தான். தொடுதிரையில் தட்டுவது அடியாகிவிடும், எலும்பு கொடுப்பதற்கான பட்டன் தனியாகக் கீழே வரும். அந்தப் பட்டன் வரும்வரை நாயைத் தொடாமல் இருக்கச் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள்.

நாயே கண்ணில் படவில்லை என்றால் காட்டிலும் டைகா என்ற குளிர்க்காட்டிலும் தேடுங்கள். 2024 ஏப்ரலில் வந்த 1.20.5 பதிப்பிலிருந்து, நாயின் நிறம் அது பிறந்த நிலப்பகுதியைப் பொறுத்தது. பனிக்காட்டில் ஒன்று, சவானா மேட்டில் புள்ளி போட்டது ஒன்று. வேண்டிய நிறம் பக்கத்துக் காட்டில் கிடைக்கவில்லை என்றால் பிழை இல்லை, ஊர் மாற்றித் தேட வேண்டும்.

கழுத்தில் பட்டை இருக்கிறது, சொன்ன பேச்சு கேட்கவில்லை

கையில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். காயப்பட்ட நாயிடம் இறைச்சியோடு போய் கிளிக் செய்தால் அது உட்காராது, தின்னும். சாயத்தோடு போனால் பட்டையின் நிறம் மாறும். வெறுங்கையோடு கிளிக் செய்து பாருங்கள்.

வெறுங்கைக்கும் அசையவில்லை என்றால் அது உங்கள் நாய் இல்லை; அல்லது விளையாட்டு உங்களை உரிமையாளராக அடையாளம் காணவில்லை. நேரம் அதிகம் வீணாவது இந்த இரண்டாவதில்தான், அதனால் கொஞ்சம் விளக்குகிறேன். ஜாவாவில் நாய்க்குள் உரிமையாளரின் பெயர் எழுதப்படுவதில்லை. அந்தக் கணக்கின் யூயூஐடி என்ற நீண்ட அடையாள எண்தான் எழுதப்படுகிறது. சாதாரண சர்வரில் இந்த எண் கணக்கோடு வருவது. பெயரை மாற்றினாலும் எண் மாறாது, நாய் பழையபடி பின்னால் வரும். ஆனால் கணக்கைச் சரிபார்க்கும் ஆன்லைன் மோடை அணைத்து வைத்த சர்வரில் அந்த எண்ணை நீங்கள் தட்டிய பெயரிலிருந்தே சர்வர் உருவாக்குகிறது. பெயரில் ஒரே ஒரு எழுத்து, பெரிய எழுத்துக்குச் சின்ன எழுத்து மாறினாலும் எண் வேறு. நாய், பூனை, கிளி எல்லாம் உங்களை அந்நியராகப் பார்க்கும். உங்கள் பெட்டியும் படுக்கையும் நீங்கள் வைத்த இடத்தில் இருக்கும், ஆனால் கையில் இருந்த சாமான்கூட காலியாகியிருக்கும், ஏனென்றால் சர்வருக்கு நீங்கள் புது ஆள். இந்த இரண்டும் சேர்ந்து வந்தால் வேறு காரணம் தேடவே வேண்டாம்.

தீர்வு: பழைய பெயரை எழுத்துக்கு எழுத்து அதேபோல் போட்டு நுழையுங்கள், செல்லங்கள் திரும்பிவிடும். சர்வரை நடத்துபவர் ஆன்லைன் மோடை நடுவில் ஆன் ஆஃப் செய்தாலும் இதே கதை; எல்லோருடைய நாயும் ஒரே நாளில் அந்நியமாகிவிடும். சர்வர் வைக்கும் அண்ணன்மார் முதல் நாளே எது என்று முடிவு செய்து, அப்புறம் அதைத் தொடாதீர்கள். எட்டு வயதுக் குழந்தைக்கு யூயூஐடி புரியாது. "என் நாய் என்னை மறந்துடுச்சு" என்றுதான் அது புரிந்துகொள்ளும், அது சின்ன வருத்தம் இல்லை.

நாய் அடிக்கடி செத்துப்போகிறது

வாலைப் பார்த்துப் பழகுங்கள். பழகிய நாயின் வால் நிமிர்ந்திருந்தால் உடம்பு நன்றாக இருக்கிறது, தாழத் தாழ உயிர் குறைகிறது. 1.20.5க்கு முன் ஜாவாவில் பழகிய நாய்க்கு 10 இதயம். அந்தப் பதிப்பிலிருந்து 20. பழைய பதிப்பில் விளையாடும் லேப்டாப்பில் நாய் சீக்கிரம் சாவது இதனாலும் இருக்கலாம். எந்த இறைச்சியும் மருந்துதான். ஜோம்பி போடும் அழுகிய இறைச்சியும் பச்சைக் கோழியும் நமக்குக் கெடுதல், நாய்க்கு ஒன்றும் செய்யாது. அதனால் நல்ல மாட்டிறைச்சியை நீங்கள் வைத்துக்கொண்டு அழுகியதை நாய்க்குச் சேமியுங்கள். சண்டைக்குப் போகும் முன் அல்ல, முடிந்த உடனே ஊட்டுங்கள்.

நாய்க் கவசம் செய்து போடுங்கள் என்பது என் உறுதியான சிபாரிசு. சவானாவிலும் பேட்லேண்ட்ஸிலும் உள்ள ஆர்மடில்லோ என்ற ஓட்டுப் பிராணியைப் பிரஷ்ஷால் துடைத்தால் ஓடு விழும். துடைக்காவிட்டாலும் சில நிமிடங்களுக்கு ஒருமுறை தானே போடும். ஆறு ஓட்டில் ஒரு கவசம். கவசம் உடையும்வரை அடி நாய்க்குப் போகாது, கவசத்துக்குத்தான். விரிசல் தெரிந்தால் ஓட்டைக் கொடுத்தே சரிசெய்யலாம். கழற்ற வேண்டுமென்றால் உரிமையாளர் கத்தரிக்கோலால் கிளிக் செய்ய வேண்டும். நீரில் மூழ்குவது, சுவருக்குள் மாட்டி மூச்சுத் திணறுவது போன்றவற்றுக்குக் கவசம் உதவாது.

சாவுக்கு நாமே காரணமாகும் இரண்டு வழிகளைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் எதை அடிக்கிறீர்களோ அதன் மேல் நாய்களும் பாயும். கிராமத்தைக் காக்கும் இரும்பு கோலெமைத் தெரியாமல் ஒரு தட்டு தட்டினால் உங்கள் நாய்க்கூட்டம் மொத்தமும் அதனிடம் போய் மாட்டும். கிராமத்துக்குள் போகும்போது நாயை வெளியே உட்கார வையுங்கள். இன்னொன்று நெரிசல். ஜாவாவில் ஒரே பிளாக் இடத்தில் 24க்கு மேல் பிராணிகள் நெருக்கினால் நசுங்கிச் சாகும். ஒரு குழியில் இருபது முப்பது நாய்களை அடைத்து வைத்துவிட்டு ஏன் எண்ணிக்கை குறைகிறது என்று கேட்பவர்கள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் கொஞ்சம் இடம் கொடுங்கள்.

கிரீப்பர் வந்தும் நாய் சும்மா இருக்கிறது

பிழை இல்லை. பழகிய நாய், கிரீப்பர் என்ற வெடிக்கும் எதிரியைத் தாக்காது. கிரீப்பரை விரட்ட நாய் வேண்டாம், பூனை வேண்டும். அது பக்கத்தில் இருந்தால் கிரீப்பரும், ஃபான்டம் என்ற பறக்கும் எதிரியும் ஒதுங்கும். உட்கார்ந்திருக்கும் நாய், தன் மேல் அடி படாதவரை, எந்தச் சண்டைக்கும் எழாது என்பதையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். எதிர்மாறாக, ஸ்கெலிட்டனைக் கண்டால் சொல்லாமலே பாயும். குகைக்குள் நாய் அடிக்கடி பிரிந்து போவது அதனால்தான்.

பூனைக்கு மீன் நீட்டினால் ஓடிப்போகிறது

நீங்கள் அசைவதுதான் காரணம். சிவாஜிநகர் ரஸ்ஸல் மார்க்கெட் மீன்கடைப் பூனையைப் பார்த்திருப்பீர்கள். நாம் ஒரு எட்டு எடுத்துவைத்தால் அது மூன்று எட்டு பின்னால் போகும், சும்மா நின்றால் தானே வரும். இங்கேயும் அப்படியே. சமைக்காத காட் அல்லது சால்மனைக் கையில் பிடித்து, கொஞ்ச தூரத்தில் அசையாமல் நில்லுங்கள். கேமராவைக்கூடத் திருப்பாதீர்கள். அது மெதுவாக நெருங்கி வந்ததும் கொடுங்கள். வாய்ப்பு நாயைப் போலவே மூன்றில் ஒன்று. சமைத்த மீனையும் வண்ண மீனையும் அது ஏற்காது. பாதிப் பேருக்கு இதுதான் சிக்கல்.

கிராமத்தில் ஒரு பூனையைப் பார்த்துவிட்டு மீன் பிடிக்கத் தூரமாகப் போய்த் திரும்பினால் அது இல்லாமல் போகலாம். பழக்காத தெருப்பூனை, நீங்கள் விலகினால் மறையக்கூடியது. முதலில் மீன், அப்புறம் பூனை.

காட்டில் ஆசிலாட் என்ற காட்டுப்பூனைக்கு மீன் போட்டும் பூனையாக மாறவில்லையா? 2019 ஏப்ரலில் வந்த 1.14க்கு முன் மாறும், இப்போது மாறாது. இப்போது ஆசிலாட் உங்களை நம்பும், விலகி ஓடாது, அவ்வளவுதான். பின்னால் வராது, உட்காராது. பழைய வீடியோ பார்த்து ஜங்கிளில் மணிக்கணக்கில் அலையாதீர்கள். பூனை வேண்டுமென்றால் கிராமத்துக்குப் போங்கள்.

பெட்டியைத் திறக்க முடியவில்லை, மேலே பூனை

வெறுங்கையோடு பூனையைக் கிளிக் செய்து எழுப்புங்கள். நிற்கவிட்டால் மறுபடி ஏறும், அதனால் தள்ளி ஓரிடத்தில் உட்கார வையுங்கள். நிரந்தரத் தீர்வு வேண்டுமென்றால் பெட்டிக்கு மேலே ஒரு அரைப் பலகை, அதாவது ஸ்லாப் வையுங்கள். பெட்டி திறக்கும், பூனைக்கு ஏற இடம் இருக்காது. அல்லது பெட்டியை விட்டுவிட்டு பேரலுக்கு மாறுங்கள். படுக்கையிலும் எரியும் அடுப்பிலும் ஏறுவதும் அதன் சுபாவம்தான், அதைத் தடுக்க நினைக்காதீர்கள்.

பூனை காலையில் பரிசு தருவதில்லை

ராத்திரி முழுக்கத் தூங்கி எழுந்தால்தான் தரும். பாதியில் எழுந்தால் இல்லை. பூனை நின்றிருக்க வேண்டும், உட்கார வைத்திருந்தால் தராது. எல்லாம் சரியாக இருந்தாலும் நூற்றுக்கு 70 வாய்ப்புதான். நூல், இறகு, முயல் கால், பச்சைக் கோழி, அழுகிய இறைச்சி என்று ஏதாவது வரும்; எப்போதாவது ஃபான்டம் தோலும் வரும்.

கிளி தோளில் நிற்கவில்லை. விதை கொடுத்தும் பழகவில்லை. பிஸ்கட் கொடுத்ததும் செத்தது

ஜாவாவில் கிளி ஒரு விதைக்குப் பழகும் வாய்ப்பு பத்தில் ஒன்று, பெட்ராக்கில் மூன்றில் ஒன்று. போனில் சட்டென்று கிளி பழக்கிய பிள்ளை, லேப்டாப்பில் அரை மூட்டை விதை தீர்ந்தும் பழகவில்லை என்று சொன்னால் அதுவும் சரி, இதுவும் சரி. ஜாவாவில் முப்பது விதையாவது எடுத்துக்கொண்டு போங்கள். கோதுமை, பூசணி, தர்பூசணி, பீட்ரூட் விதை எதுவும் ஆகும்.

தோளில் இருக்கும் கிளி நீங்கள் உயரத்திலிருந்து விழுந்தாலோ தண்ணீரில் இறங்கினாலோ இறங்கிவிடும். அதற்கு வழி இல்லை. நீண்ட பயணத்துக்குப் படகில் ஏற்றுவதே பாதுகாப்பு.

குக்கி என்ற சாக்லேட் பிஸ்கட்டை மட்டும் ஒருபோதும் கொடுக்காதீர்கள், செத்துவிடும். 2017 ஜூனில் 1.12 பதிப்பில் கிளி வந்தது. அது சோதனையில் இருந்தபோது குக்கி கொடுத்துத்தான் பழக்க வேண்டியிருந்தது. சாக்லேட் நிஜக் கிளிகளுக்கு விஷம் என்று விளையாடுபவர்கள் எடுத்துச் சொன்ன பிறகு அதை விதையாக மாற்றி, குக்கியை விஷமாக்கினார்கள். பிள்ளைகளிடம் இதைச் சொல்லுங்கள். வீட்டு நாய்க்கும் சாக்லேட் ஆகாது என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள். விளையாட்டில் கிளி வளர்த்த ஆசையில் நிஜக் கிளி கேட்டால், நம் ஊர்ப் பச்சைக்கிளியைக் கூண்டில் வளர்ப்பது 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்பதையும் சொல்லிவிடலாம். கப்பன் பார்க்குக்குக் கூட்டிப்போனால் மரத்திலேயே பார்க்கலாம்.

குதிரை தள்ளிவிடுகிறது, பழகிய பின்னும் பின்னால் வரவில்லை

தள்ளுவது பழக்கும் முறையின் பகுதி. வெறுங்கையோடு ஏறுங்கள், தள்ளினால் மறுபடி ஏறுங்கள். ஒவ்வொரு முறையும் அதன் பிடிவாதம் கொஞ்சம் குறையும். சர்க்கரை, கோதுமை, ஆப்பிள் கொடுத்தால் சீக்கிரம் குறையும், தங்க ஆப்பிளுக்கு அதிகம். இதயம் பறந்தால் பழகிவிட்டது.

சேடில், அதாவது சேணம் இல்லாமல் பழகிய குதிரையில் உட்காரலாம், ஓட்ட முடியாது. "ஏறினேன், ஆனா அதுவா போகுது" என்பது இதுதான். சேடிலை முன்பு பெட்டிகளில் தேடி அலைய வேண்டியிருந்தது. 2025 ஜூன் பதிப்பிலிருந்து மூன்று தோலும் ஒரு இரும்புக் கட்டியும் போட்டு நாமே செய்யலாம். அதே பதிப்பில் லீடுக்கும் ஸ்லைம் தேவையில்லை, நூல் மட்டும் போதும். உங்கள் விளையாட்டில் இந்த முறை வேலை செய்யவில்லை என்றால் அப்டேட் ஆகவில்லை என்று அர்த்தம்.

குதிரை நாயைப் போலப் பின்னால் வராது, தாவாது. இறங்கியதும் லீடில் வேலிக்கம்பத்தில் கட்டுங்கள். இறங்கி அப்படியே விட்டால் அலைந்து போகும், மறையாது; இறங்கிய இடத்தைச் சுற்றித் தேடுங்கள்.

இரண்டு நாய்க்கும் இறைச்சி கொடுத்தும் குட்டி இல்லை

இரண்டும் பழகியவையா, இரண்டும் முழு ஆரோக்கியமா என்று பாருங்கள். காயம் இருந்தால் முதல் இறைச்சி அதற்கே போய்விடும், இன்னொன்று கொடுக்க வேண்டும். இரண்டையும் நிற்க வையுங்கள்; உட்கார்ந்த நாய் இதயம் காட்டினாலும் நகர்ந்து போய்ச் சேராது. ஒருமுறை குட்டி போட்டால் அடுத்ததற்கு ஐந்து நிமிடம் காத்திருக்க வேண்டும். குட்டி வளர 20 நிமிடம். இறைச்சி கொடுத்தால் சீக்கிரம் வளரும். கிளிக்குக் குட்டி கிடையாது, முயற்சி செய்ய வேண்டாம்.

நரியும் ஆக்சலாட்டிலும் பழகவே மாட்டேன் என்கின்றன

நரியை நேரடியாகப் பழக்க முடியாது. இரண்டு காட்டு நரிகளுக்கு ஸ்வீட் பெர்ரி கொடுங்கள். பிறக்கும் குட்டிதான் உங்களை நம்பும். குட்டி தாயின் பின்னால் ஓடிவிடும் என்பதால் பிறந்த உடனே லீட் போட்டுத் தூரமாகக் கூட்டிப்போய் விடுங்கள், வளரும்வரை சுவருக்குள் வையுங்கள். உட்காரச் சொன்னால் உட்காராது. கோழிக்கூடு பக்கத்தில் இருந்தால் கோழி மிஞ்சாது.

ஆக்சலாட்டில் என்ற நீர்ப் பிராணியை வாளியில் அள்ளித் தூக்கிப்போகலாம், வண்ண மீன் வாளியைக் காட்டினால் பின்னால் வரும், அதற்கு மேல் பழக்கம் என்று ஒன்று இல்லை. தண்ணீருக்கு வெளியே விட்டால் ஐந்து நிமிடத்தில் சாக ஆரம்பிக்கும், அதனால் குளத்தைக் கட்டி முடித்த பிறகு வாளியைக் கவிழ்த்துங்கள்.